750 ரூபாய் வழக்கு

சட்டக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்து, கடைசி செமஸ்டரும் பாஸாகி, கையில் சான்றிதழோடு வீட்டுக்கு வரும் பிள்ளையைத் தெருவே "வக்கீல் சார்", "வக்கீலம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிடும். சட்டப்படி அந்தப் பிள்ளை இன்னும் வக்கீல் இல்லை. பட்டம் வாங்கியவர் சட்டப் பட்டதாரி, அவ்வளவுதான். மாநில பார் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்து, 'என்ரோல்மென்ட்' முடிந்து, கறுப்பு கவுனோடு உறுதிமொழி எடுத்த பிறகுதான் கோர்ட்டில் இன்னொருவருக்காக வாய் திறக்க முடியும்.

அந்த இடைவெளியில்தான் பல குடும்பங்கள் திகைத்துப் போகின்றன. "படிச்சு முடிச்சாச்சே, இன்னும் எதுக்குப்பா பணம்?" என்று அம்மா கேட்பார். பிள்ளையிடம் பதில் இருக்காது. நூலக நிதி, நிர்வாகக் கட்டணம், அடையாள அட்டைக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், நல நிதி, சான்றிதழ் கட்டணம் என்று வரிசையாகத் தலைப்பு போட்டு ஒரு தொகை வரும். பல மாநிலங்களில் அது 15,000 ரூபாயைத் தாண்டியது. ஒடிசாவில் 42,100 ரூபாய். கவுன், கோட்டு, கழுத்துப்பட்டைச் செலவு தனி. கல்விக் கடனே அடைபடாத வீட்டில் அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கட்டணம் எவ்வளவு என்று நாடாளுமன்றம் ஏற்கெனவே சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. 1961-ம் வருட வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-வது பிரிவு, யார் யார் வக்கீலாகப் பதிவு செய்யலாம் என்று சொல்கிறது. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 21 வயது நிறைந்திருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட சட்டப் பட்டம் வேண்டும். அதே பிரிவில், 1993-ல் செய்த திருத்தத்தின்படி, மாநில பார் கவுன்சிலுக்கு 600 ரூபாய், இந்திய பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய். மொத்தம் 750. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 100-ம் 25-ம் சேர்த்து 125 ரூபாய். முத்திரைத் தீர்வை இருந்தால் அது தனி. வேறெதுவும் சட்டத்தில் இல்லை.

ஆக, ஒடிசாவில் கேட்ட தொகை சட்டம் சொன்னதைப்போல ஐம்பது மடங்குக்கும் மேல். மளிகைக் கடையில் எம்.ஆர்.பி-யை விட ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று நமக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களே வக்கீல்கள்தான். அவர்களுடைய சொந்த வாசலில் இத்தனை வருடம் இது நடந்தது.

கேள்வி கேட்கிற இடத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கும் வலு இல்லாததுதான் காரணம். என்ரோல்மென்ட் தேதியைத் தவறவிட்டால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டும். சீனியர் ஒருவர் "வந்து சேர்ந்துக்கோ" என்று சொல்லியிருப்பார். பார் கவுன்சிலோடு முதல் நாளிலேயே சண்டை போட்டால் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம் வேறு. கடனோ உடனோ வாங்கிக் கட்டிவிட்டுப் போவதுதான் வழக்கமாக இருந்தது. கட்டிய பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அடுத்த வருடம் அடுத்த பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள்.

கேரளாவில் அந்த வரிசை கொஞ்சம் கலைந்தது. 2023-ல் சட்டப் படிப்பு முடித்த பத்துப் பேர் சேர்ந்து கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே கேட்ட கட்டணம் 15,900 ரூபாய். சட்டத்தில் 750 என்று இருக்கும்போது மீதி எந்த அதிகாரத்தில் கேட்கப்படுகிறது என்பதுதான் அவர்கள் கேள்வி. 750 ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டு விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இதேபோல் பல மாநிலங்களிலிருந்தும் மனுக்கள் கிளம்ப, எல்லாம் உச்சநீதிமன்றத்தில் போய்ச் சேர்ந்தன.

பார் கவுன்சில்கள் தரப்பில் சொன்னதையும் கேட்க வேண்டும். அலுவலகம் நடத்த வேண்டும், ஊழியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், ஒழுங்கு நடவடிக்கைக் குழு நடத்த வேண்டும், நலிந்த வக்கீல்களுக்கு உதவ வேண்டும். 1993-ல் வைத்த 600 ரூபாயை வைத்துக்கொண்டு இன்றைக்கு இதெல்லாம் எப்படி முடியும் என்றார்கள். நியாயமான கேள்விதான். முப்பது வருடத்தில் எந்த விலை அப்படியே நின்றிருக்கிறது?

ஆனால், அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம். 2024 ஜூலை 30-ம் தேதி, அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட், நீதிபதி ஜே.பி.பர்திவாலா அமர்வு தீர்ப்பு சொன்னது. கட்டணத்தை நாடாளுமன்றம் நிர்ணயித்துவிட்ட பிறகு, அந்தச் சட்டத்தால் உருவான ஓர் அமைப்பு அதை மாற்ற முடியாது. எந்தப் பெயரில் வாங்கினாலும், பதிவு செய்வதற்கு நிபந்தனையாக வாங்கினால் அது என்ரோல்மென்ட் கட்டணம்தான். 750, 125. அதற்கு மேல் கூடாது. நடத்தப் பணம் வேண்டுமென்றால், வக்கீலாகச் சேர்ந்த பிறகு அவர்களுக்குச் செய்யும் சேவைகளுக்கு நியாயமான கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். வாசலில் நிற்பவரிடம் வாங்கக் கூடாது.

கணக்கோடு நிறுத்தாமல் இன்னும் ஒரு படி போனது தீர்ப்பு. இவ்வளவு பெரிய தொகை ஏழைகளையும் விளிம்புநிலை மக்களையும்தான் முதலில் தடுத்து நிறுத்துகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு சின்னச் செலவு, மற்றவருக்கு இது கதவு. அதனால் இது சமத்துவ உரிமைக்கும், விரும்பிய தொழில் செய்யும் உரிமைக்கும் எதிரானது என்றார்கள். அரசியல் சட்டத்தின் 14-வது, 19-வது பிரிவுகள் அப்படித்தான் இந்த வழக்குக்குள் வந்தன. முதல் தலைமுறையாகச் சட்டம் படித்து வருகிறவருக்கு அப்பா விட்டுச் சென்ற ஆபீஸும் இல்லை, கட்சிக்காரரும் இல்லை. அவருடைய கையில் இருக்கும் ஒரே சொத்து அந்தப் பட்டம்தான்.

தீர்ப்பில் ஒரு வருத்தமும் உண்டு. ஏற்கெனவே கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனிமேல் வருகிறவர்களுக்குத்தான் 750. நகையை அடகு வைத்துக் கட்டியவருக்கு அந்த நகை அவர் பாடுபட்டு மீட்க வேண்டிய நகைதான். எல்லா மாநிலமும் ஒரே நாளில் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தால் கவுன்சில்கள் திவாலாகிவிடும் என்ற நடைமுறை யோசனை இதில் இருக்கலாம். அநியாயம் என்று சொன்ன பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது சாதாரண மனசுக்கு உடனே பிடிபடாது.

தீர்ப்பு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அடுத்த வருடத்தைப் பார்க்க வேண்டும். கர்நாடகாவில் 'விருப்பக் கட்டணம்' என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். விரும்பினால் கட்டலாம் என்று பெயர். கல்யாண வீட்டில் மொய் எழுதுவதும் விருப்பம்தான், எழுதாமல் யாராவது வெளியே வருகிறார்களா? இதை எதிர்த்து ஒருவர் நீதிமன்ற அவமதிப்பு மனு போட்டார். 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம், விருப்பம் என்ற ஒன்றே இதில் கிடையாது, அந்தப் பெயரிலும் வாங்கக் கூடாது என்று நிறுத்தியது.

வக்கீலாகப் போகிறவர் முதலில் வாதியாக நிற்க வேண்டியிருப்பது புதிதில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் கதவு அடைபட்டிருந்தது பணத்தால் இல்லை. ரெஜினா குஹா என்ற பெண் கல்கத்தாவில் எம்.ஏ., பி.எல். படித்து முடித்து, ப்ளீடராகச் சேர விண்ணப்பித்தார். சட்டத்தில் 'தகுதியுள்ள நபர்' என்று இருந்தது. பெண் 'நபரா' இல்லையா என்று முடிவு செய்ய 1916-ல் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். ஆண்பாலில் சொன்னால் பெண்பாலும் அடங்கும் என்று பொதுவான சட்ட விதியே இருந்தும், இந்தத் தொழிலுக்குப் பெண்கள் வந்ததே இல்லை, சட்டம் இயற்றியவர்கள் அவர்களை நினைத்திருக்கவே மாட்டார்கள் என்று சொல்லி விண்ணப்பத்தைத் தள்ளினார்கள். பாட்னாவில் சுதான்சு பாலா ஹஸ்ரா 1921-ல் முயன்றார். அங்கேயும் அதே பதில்.

அதே 1921-ல் அலகாபாத் உயர்நீதிமன்றம் கர்னீலியா சொராப்ஜியை வக்கீலாகச் சேர்த்துக்கொண்டது. அவர் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதித் தேறியது 1892-ல். திரும்பி வந்து பம்பாயில் எல்.எல்.பி., அலகாபாத்தில் ப்ளீடர் தேர்வு எல்லாம் முடித்தார். கோர்ட்டுக்குள் நுழைய அனுமதியில்லாததால், கோஷா பெண்களின் சொத்து விவகாரங்களுக்கு ஆலோசனை சொல்லும் அரசுப் பதவியில் வருடக்கணக்கில் வேலை பார்த்தார். தேர்வு எழுதியதற்கும் கவுன் போட்டதற்கும் நடுவே 29 வருடம். 1923-ல்தான் பெண்களைப் பெண் என்ற காரணத்துக்காகத் தடுக்கக் கூடாது என்று தனிச் சட்டமே வந்தது. ரெஜினா குஹா தன் வழக்கில் தோற்றார். அவர் கேட்ட கேள்வி ஏழு வருடத்தில் ஜெயித்தது.

வயது இன்னொரு கதவு. ரிட்டையர் ஆன பிறகு சட்டம் படிக்கும் ஆசை நம் ஊரில் நிறையப் பேருக்கு உண்டு. வங்கியில், தபால் துறையில், போலீஸில் இருந்தவர்கள் மாலைக் கல்லூரியில் பேரன் வயதுப் பையன்களோடு உட்கார்ந்து படித்த காலம் ஒன்று இருந்தது. 45 வயதைத் தாண்டியவரைப் பதிவு செய்யக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் ஒரு விதி போட்டது. 1995-ல் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. பதிவுக்கு முன்னால் வயதைக் காட்டித் தடுக்கும் அதிகாரத்தைச் சட்டம் கவுன்சிலுக்குக் கொடுக்கவில்லை, 45-ல் கோடு போடுவதற்கு நியாயமான காரணமும் இல்லை என்றது. அதனால் 60 வயதில் பட்டம் வாங்கிய தாத்தாவும் தாராளமாக கவுன் போடலாம்.

எல்லோரும் ஜெயித்துவிடவில்லை. மும்பையில் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர், பல வருடம் ப்ராக்டீஸ் செய்துகொண்டே சட்டப் பட்டமும் வாங்கினார். மருத்துவத் தொழிலை விடாமலே வக்கீலாகவும் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டார். 1996-ல் உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது. இரண்டுமே முழு நேரமும் முழு மனசும் கேட்கும் தொழில்கள், ஒன்றில் இருந்துகொண்டு இன்னொன்றைக் கேட்க முடியாது என்றது தீர்ப்பு. ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும்போது கோர்ட்டில் பெயர் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால், அந்தத் தீர்ப்போடு சண்டை போடத் தோன்றாது. இன்னொரு பக்கம், இந்தியாவில் சட்டம் படித்த தென் கொரியர் ஒருவர் 2023-ல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார். நம் நாட்டவரை அந்த நாடு அனுமதித்தால் அந்த நாட்டவரை நாமும் அனுமதிக்கலாம் என்று அதே 24-வது பிரிவில் இருக்கிறது. அந்த வரியைத்தான் அவர் பிடித்துக்கொண்டார்.

பிறகு தேர்வு. இதில் கோர்ட்டே மனசு மாறிய கதை இருக்கிறது. பதிவு செய்வதற்கு முன் ஒரு வருடம் பயிற்சி கட்டாயம் என்று 1995-ல் பார் கவுன்சில் விதி கொண்டுவந்தது. முன்பு சட்டத்திலேயே பயிற்சியும் தேர்வும் இருந்து, 1973-ல் நாடாளுமன்றம் அதை எடுத்துவிட்டது. நாடாளுமன்றம் எடுத்ததைக் கவுன்சில் பின்வாசல் வழியாகக் கொண்டுவர முடியாது என்று 1999-ல் உச்சநீதிமன்றம் அந்தப் பயிற்சி விதிகளை ரத்து செய்தது. அதன் பிறகு 2010-ல் அகில இந்திய பார் தேர்வு அறிவிக்கப்பட்டு, 2011-ல் முதல் தேர்வு நடந்தது. தற்காலிகமாகப் பதிவு செய்துகொண்டு, இரண்டு வருடத்துக்குள் இதில் பாஸாக வேண்டும். மறுபடி வழக்கு. 2023 பிப்ரவரி 10-ம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு, தரம் பார்க்கத் தேர்வு வைக்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு, 1999 தீர்ப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டது.

தேர்வு வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொத்துப் பத்திரத்தையும் ஜாமீன் மனுவையும் ஒருவரை நம்பிக் கொடுக்கும்போது அவர் கொஞ்சமாவது தெரிந்தவராக இருக்க வேண்டும். பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம் எடுத்தால் போதும் என்பது பெரிய மலையும் இல்லை. ஆனால், தேர்வுக் கட்டணம் மட்டும் 3,000 ரூபாயைத் தாண்டுகிறது. வக்கீலாவதற்கு 750, வக்கீல்தான் என்று நிரூபிக்க அதைப்போல நான்கு மடங்கு! இதையும் சிலர் கோர்ட்டுக்குக் கொண்டு போயிருக்கிறார்கள்.

கடைசி வருட மாணவர்களுக்கு அந்த 2023 தீர்ப்பில் ஒரு நல்லது நடந்தது. கடைசி செமஸ்டரிலேயே தேர்வு எழுத விடலாம் என்று நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள். கவுன்சில் அதை நடைமுறைக்குக் கொண்டுவரத் தாமதிக்க, 2024-ல் மாணவர்கள் மறுபடி உச்சநீதிமன்றத்துக்குப் போய், அந்த வருடத் தேர்வுக்கே விண்ணப்பிக்க உத்தரவு வாங்கினார்கள். கேஸ் போட்டவர்கள் இன்னும் மாணவர்கள். மற்றவருக்காகக் கோர்ட்டில் பேசத்தான் பதிவு வேண்டும். தன் வழக்கில் தானே பேச யாருக்கும் உரிமை உண்டு. 'பார்ட்டி இன் பெர்சன்' என்பார்கள். சட்டம் படித்துவிட்டுப் பதிவுக்குக் காத்திருப்பவருக்கு இதைவிட நல்ல முதல் வழக்கு கிடைக்காது.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இந்த வரிசையில் நிற்கிறது என்றால் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது சில. விண்ணப்பத்தோடு எவ்வளவு கேட்டாலும், எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று பிரித்துப் போட்ட ரசீது கேளுங்கள். 750-க்கு மேல் கேட்டால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

விண்ணப்பத்தை நிராகரிக்க நினைத்தால் மாநில கவுன்சில் தானாக முடிவெடுத்துவிட முடியாது. 26-வது பிரிவின்படி காரணங்களை எழுதி, இந்திய பார் கவுன்சிலின் கருத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கருத்துப்படிதான் முடிவு. வாய்மொழியாக "உனக்குக் கிடைக்காது, போப்பா" என்று கவுன்ட்டரில் சொல்வதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்தால்தான் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு போட ஒரு பிடி கிடைக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், ஒரு மாநிலத்தில் நிராகரித்தால் அதைக் காரணத்தோடு மற்ற எல்லா மாநில கவுன்சில்களுக்கும் தெரிவித்துவிடுவார்கள். அதன் பிறகு, நிராகரித்த கவுன்சிலும் இந்திய பார் கவுன்சிலும் எழுத்தில் சம்மதித்தால் ஒழிய, வேறு மாநிலத்தில் விண்ணப்பிக்க முடியாது. சென்னையில் கிடைக்காவிட்டால் பெங்களூரு போய்விடலாம் என்று சொல்லும் நண்பர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

விண்ணப்பத்தில் எதையும் மறைக்கவும் வேண்டாம். கல்லூரிப் போராட்டத்தில் ஒரு எஃப்.ஐ.ஆர். இருந்தது, சொன்னால் கெடுத்துவிடுவார்களோ என்று பயந்து சிலர் எழுதாமல் விடுகிறார்கள். சட்டத்தின் 24-ஏ பிரிவு, ஒழுக்கக்கேடான குற்றத்தில் தண்டனை பெற்றவரைப் பற்றித்தான் பேசுகிறது. அந்தத் தடையும் விடுதலையாகி இரண்டு வருடத்தில் நீங்கிவிடும். ஆனால், பொய் சொல்லிப் பதிவு செய்தது தெரிந்தால் எத்தனை வருடம் கழித்தும் பெயரை நீக்க இந்திய பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. உண்மையைச் சொல்லி இரண்டு மாதம் அலைவது எவ்வளவோ மேல்.

பதிவு முடிந்து கவுன் போட்ட பிறகும் முதல் சில வருடம் பர்ஸ் காலியாகத்தான் இருக்கும். சீனியரின் ஆபீஸில் கட்டு சுமந்து, வாய்தா வாங்கி, மாதக் கடைசியில் பஸ் காசுக்குக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகும் ஜூனியர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் இதைக் கையில் எடுத்தது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாய், மற்ற இடங்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை என்று தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் வழி செய்ய வேண்டும் என்றது. அந்த அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமத்துக்கு 15,000 என்று சுற்றறிக்கை அனுப்பியது. அது பரிந்துரைதான். கொடுக்காத சீனியர்மேல் கேஸ் போட, அதே சீனியரின் ஆபீஸில் உட்கார்ந்து மனு டைப் அடிக்கிற ஜூனியர் இன்னும் வரவில்லை.